கணக்கில் வராத உழைப்பு: வீட்டுவேலை எப்படி அரசியலாகிறது?

"ஆண் வெளியே போய்ச் சம்பாதிக்கிறான், பெண் வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். ஆளுக்கொரு வேலை. இதில் என்ன அநியாயம்?" ஆண்-பெண் சமத்துவம் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கும். கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. அதனால் இதற்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஆணாதிக்கம், பெண்ணியம் என்று எடுத்தவுடனே இரண்டு பக்கமும் கட்சி கட்டிக்கொள்கிறார்கள். அதற்குப் பதிலாக, ஒரு நாளின் மணிக்கணக்கை எடுத்து வைத்துப் பேசிப் பாருங்கள், நிறைய விஷயம் தானாகவே தெளியும். அப்படிப் பேசுவதற்கான கருத்துதான் 'சம்பளமில்லாத வேலை'.

சமைப்பது, பாத்திரம் கழுவுவது, துணி துவைத்து மடிப்பது, பெருக்கித் துடைப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, படுத்திருக்கும் முதியவரைத் திருப்பிப் படுக்கவைப்பது ஆகிய எல்லாமே இதில் அடங்கும். "இதெல்லாம் வேலையா? குடும்பத்து மேலுள்ள பாசத்தில் செய்வதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். பாசம் இருக்கலாம், அது வேறு. எது வேலை, எது வேலையில்லை என்று பிரிக்க அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மார்கரெட் ரீட் 1934-லேயே ஒரு சுலபமான சோதனை சொன்னார்: அந்தச் செயலைக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்ய முடியுமா? உங்களுக்காக இன்னொருவர் தூங்க முடியாது, உங்களுக்காக இன்னொருவர் சினிமா பார்க்கவும் முடியாது. ஆனால் உங்களுக்காக இன்னொருவர் சமைக்கலாம், துவைக்கலாம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். அப்படியானால் அது வேலைதான். பாசத்தோடு செய்தாலும் சலிப்போடு செய்தாலும், இடுப்பு ஒடிவது ஒரே மாதிரிதான்.

எவ்வளவு வேலை? 64 நாடுகளின் கணக்கெடுப்புகளை வைத்துச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி, உலகம் முழுக்க ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம் சம்பளமில்லாத வேலைக்குப் போகிறது. 200 கோடி பேர் தினமும் 8 மணி நேரம் சல்லிக்காசு வாங்காமல் உழைப்பதற்குச் சமம் இது. சராசரியாகப் பெண்கள் ஒரு நாளைக்கு 4 மணி 25 நிமிடம் செய்கிறார்கள், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். ஆண்கள் பெண்களுக்குச் சமமாக இதைச் செய்யும் நாடு ஒன்றுகூட இல்லை, எல்லா நாட்டிலும் பெண்கள்தான் கூடுதலாகச் செய்கிறார்கள்.

இந்தியாவில் 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் அது முறையே 289 என்றும் 88 என்றும் ஆனது. இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இது வீட்டுவேலை செய்பவர்களின் சராசரி மட்டுமே. 2019-ல் பெண்களில் 81.2 சதவீதம் பேர் வீட்டுவேலை செய்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதம் பேர்தான் செய்தார்கள். அதாவது 97 நிமிடம் என்பது எல்லா ஆண்களின் சராசரி அல்ல, நான்கில் ஒருவரின் சராசரி. இரண்டாவது, ஐந்து ஆண்டுகளில் பெண்களின் வேலை பத்து நிமிடம் குறைந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை ஆண்கள் எடுத்துக்கொள்ளவில்லை, அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. மொத்த வேலைதான் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. யார் செய்வது என்ற பங்கீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கடிகாரத்தில் விழாத இன்னொரு வேலையும் உண்டு. குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா வண்டியில் கூட்டிப்போய்க் கூட்டி வருகிறார், ஒரு மணி நேரம் ஆகிறது. கணக்கெடுப்பில் அது அவர் பெயரில் பதிவாகும், சரிதான். ஆனால் அடுத்த ஊசி எப்போது என்று அட்டையைப் பார்த்து வைத்திருந்தது யார்? போன வாரம் சளி இருந்ததே, போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டது யார்? ஊசி போட்டால் ராத்திரி காய்ச்சல் வரும், மறுநாள் அலுவலகத்தில் முக்கியமான கூட்டம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்தது யார்? காய்ச்சல் மருந்து பாட்டிலைத் தூக்கி, இன்னும் ரெண்டு வேளைக்குத்தான் வரும் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது யார்? இந்த வேலை உட்கார்ந்திருக்கும்போதும் நடக்கும், படுத்திருக்கும்போதும் நடக்கும். விடுமுறை நாளில் இன்னும் அதிகமாக நடக்கும். "சொன்னால் செய்திருப்பேனே" என்று ஓர் ஆண் சொல்லும்போது அவர் மனதார அப்படித்தான் நினைக்கிறார். ஆனால் பார்த்து, நினைவு வைத்து, நேரம் பார்த்துச் சொல்வதுதான் இங்கே பாதி வேலை. அந்தப் பாதி எப்போதும் ஒரே ஆளின் தலையில் இருக்கிறது.

கணக்கை யார் போட்டார்கள்?

ஒரு நாட்டின் பொருளாதாரம் எவ்வளவு பெரியது என்று சொல்ல எல்லா நாடுகளும் மொத்த உள்நாட்டு உற்பத்தி என்ற எண்ணைப் பயன்படுத்துகின்றன. பட்ஜெட், வரி, கடன், தேர்தல் மேடை என்று எல்லாமே இந்த எண்ணைச் சுற்றித்தான் ஓடுகிறது. வீட்டில் நடக்கும் சமையலும் துடைப்பும் பராமரிப்பும் இதில் சேராது. இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் பிகு 1920-லேயே இந்த முரணைச் சுட்டிக்காட்டினார்: ஒருவர் தன் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணையே திருமணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும். அதே வீடு, அதே அடுப்பு, அதே கைகள்தான். சம்பளம் நின்றதும் வேலையே நடக்காதது போல ஆகிவிடுகிறது. 1934-ல் அமெரிக்காவின் தேசிய வருமானத்தை முதன்முதலாக விரிவாகக் கணக்கிட்ட சைமன் குஸ்நெட்ஸும், இல்லத்தரசிகளின் உழைப்பை விட்டுவிட்டுத்தான் கணக்கிட்டிருக்கிறோம் என்பதை அறிக்கையிலேயே சொல்லிவிட்டார். ஆக, இது யாருக்கும் தெரியாமல் நடந்த விடுபடல் அல்ல. தெரிந்தே விட்டார்கள்.

"அதை எப்படி அளப்பது? சந்தையில் விலை இல்லையே" என்பதுதான் வழக்கமான சமாதானம். இந்தச் சமாதானத்தை நான் ஏற்கவில்லை, காரணம் சொல்கிறேன். நீங்கள் சொந்த வீட்டில் குடியிருந்தால் யாருக்கும் வாடகை கொடுப்பதில்லை. ஆனாலும், அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று மதிப்பிட்டு, நீங்களே உங்களுக்கு வாடகை கொடுப்பதாகப் பாவித்து, அந்தத் தொகையை நாட்டின் உற்பத்தியில் சேர்க்கிறார்கள். ஒரு ரூபாய்கூடக் கைமாறாத வாடகைக்கு மதிப்புப் போட முடிகிறது. சுவருக்கும் கூரைக்கும் கணக்கில் இடம் உண்டு, அந்த வீட்டைக் காலையில் பெருக்கும் பெண்ணின் உழைப்புக்கு இடமில்லை.

இதைவிட விசித்திரமான கோடு ஒன்று இருக்கிறது. 1993-ல் ஐக்கிய நாடுகள் அவை திருத்திய தேசியக் கணக்கு விதிமுறைப்படி, வீட்டுத் தேவைக்காகத் தண்ணீர் சுமந்து வருவதும் விறகு பொறுக்குவதும் உற்பத்தி. அந்தத் தண்ணீரை அந்த விறகில் கொதிக்கவைப்பது உற்பத்தி அல்ல. பொருளைக் கொண்டுவந்தால் கணக்கில் உண்டு, அந்தப் பொருளை வைத்துக் குடும்பத்துக்குச் சேவை செய்தால் கணக்கில் இல்லை. நியூசிலாந்தில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மெரிலின் வாரிங் 1988-ல் இந்த முறையையே கேள்விக்குள்ளாக்கிப் புத்தகம் எழுதினார். அதற்குப் பிறகுதான் பல நாடுகள் வீட்டுவேலையின் மதிப்பைக் காட்டும் துணைக் கணக்குகளைத் தனியாகப் போட முன்வந்தன. பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2016-ம் ஆண்டுக்கு அப்படிக் கணக்கிட்டபோது, வீட்டுக்குள் நடக்கும் சம்பளமில்லாத வேலைகளின் மதிப்பு நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 63 சதவீதம் அளவுக்கு வந்தது.

மதிப்புப் போட இரண்டு வழி உண்டு. அந்த வேலைக்கு ஆள் வைத்தால் எவ்வளவு கூலி ஆகும் என்று பார்ப்பது ஒன்று. அந்த நேரத்தில் அவர் வெளியே வேலை பார்த்திருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டாவது வழியில் போனால், மருத்துவர் துடைக்கும் தரைக்கு மதிப்பு அதிகம், கூலித் தொழிலாளி துடைக்கும் தரைக்கு மதிப்பு குறைவு என்றாகிவிடும். எனக்கு அது உவப்பில்லை. முதல் வழியிலும் சிக்கல் இருக்கிறது, ஏனென்றால் பெண்கள் செய்யும் வேலை என்பதாலேயே அந்தக் கூலி ஏற்கெனவே மட்டமாக வைக்கப்பட்டிருக்கிறது.

நீதிமன்றங்கள் இந்தக் கணக்கைப் பல காலமாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. எப்போது தெரியுமா? விபத்தில் ஒரு இல்லத்தரசி இறந்து, குடும்பம் இழப்பீடு கேட்கும்போது. இந்திய உச்ச நீதிமன்றம் 2001-ல் ஒரு தீ விபத்து வழக்கில் இல்லத்தரசியின் சேவையை மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. 2010-ல் வேறொரு தீர்ப்பில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சையெடுப்பவர்கள், சிறைக்கைதிகள் ஆகியோரோடு சேர்த்து 'வேலை செய்யாதவர்கள்' என்று வகைப்படுத்தியதைக் கடுமையாகக் கண்டித்தது. நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் ஒரு பெண்ணின் உழைப்புக்கு விலை தெரிய அவர் சாக வேண்டியிருக்கிறது என்பது எவ்வளவு பெரிய அவலம்.

அந்த வகையில் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு முக்கியமானது. கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்துச் சம்பாதித்தார், மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தைக் கட்டிக்காத்தார். சொத்தில் மனைவிக்குப் பங்குண்டா என்பது வழக்கு. மனைவி வீட்டைச் சுமந்ததால்தான் கணவரால் நிம்மதியாக வெளியே சம்பாதிக்க முடிந்தது, எனவே சேர்த்த சொத்தில் அவருக்குச் சம உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. செத்தபின் இழப்பீடு என்பதிலிருந்து, உயிரோடு இருக்கும்போதே பங்கு என்ற இடத்துக்குச் சட்டம் நகர்வதை இதில் பார்க்கலாம்.

ஆளுக்கொரு வேலை என்றால் நியாயம்தானே?

இரண்டு பேர் வேலையைப் பிரித்துக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் இந்தப் பிரிவினையில் ஒருவருக்கு மாதச் சம்பளம், பதவி உயர்வு, ஓய்வூதியம், வங்கிக் கணக்கு எல்லாம் சேர்கிறது. இன்னொருவருக்கு இவற்றில் எதுவும் சேர்வதில்லை. பதினைந்து வருடம் கழித்து உறவு முறிந்தாலோ, கணவர் இறந்தாலோ, கணவர் கை ஓங்கினாலோ, முதல் ஆள் தன் சம்பாத்தியத்தோடு நிற்கிறார். இரண்டாவது ஆள் 'இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்?' என்ற நேர்முகத் தேர்வுக் கேள்வியோடு நிற்கிறார். சண்டை வந்தால் வீட்டை விட்டு வெளியேறும் சக்தி ஒருவருக்கு மட்டும் இருக்கும் இடத்தில், முடிவுகள் யார் விருப்பப்படி நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பெண்ணும் வேலைக்குப் போனால் தீர்ந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. அலுவலகத்தில் ஒரு முறை, வீட்டில் ஒரு முறை என்று இரண்டு ஷிப்ட் பார்ப்பதுதான் நடக்கிறது. குழந்தை பிறந்ததும் நடப்பதைக் கவனியுங்கள். டென்மார்க்கில் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்தபோது, முதல் குழந்தை பிறக்கும்வரை ஆண், பெண் வருமானம் ஏறக்குறைய ஒரே பாதையில் போகிறது. பிறந்த பிறகு பெண்ணின் வருமானம் சரிந்து, நீண்டகாலத்தில் ஆணைவிடச் சுமார் 20 சதவீதம் கீழேயே நின்றுவிடுகிறது. ஆணின் கோட்டில் சலனமே இல்லை. சமத்துவத்துக்குப் பேர்போன நாட்டில் இது நிலை.

இதற்குப் பின்னால் ஒரு சுழல் இருக்கிறது. குழந்தைக்காக ஒருவர் வேலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றால், குறைவாகச் சம்பாதிப்பவர் விடுவதுதான் குடும்பத்துக்கு லாபம். அது பெரும்பாலும் மனைவி. அவர் விடுவதால் அவர் சம்பளம் இன்னும் பின்தங்குகிறது. பெண்கள் எப்படியும் விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போடும் முதலாளி, பெரிய பொறுப்பை ஆணுக்கே கொடுக்கிறார். அதனால் அடுத்த தலைமுறையிலும் மனைவியே குறைவாகச் சம்பாதிக்கிறார். இதில் எந்தக் குடும்பமும் தனியாகப் பார்த்தால் முட்டாள்தனமான முடிவெடுக்கவில்லை. 2023-ல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் இதில் இன்னொரு கண்ணியைக் காட்டினார்: இரவு பகல் எந்நேரமும் கூப்பிட்டால் வரக்கூடியவருக்கே பல வேலைகள் அளவுக்கு மீறிய சம்பளம் தருகின்றன. ஒருவர் அலுவலகம் கூப்பிட்டால் ஓடத் தயாராக இருக்க வேண்டுமென்றால், இன்னொருவர் வீடு கூப்பிட்டால் ஓடத் தயாராக இருந்தாக வேண்டும். ஆளாளுக்கு மனம் மாறினால் போதும் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். நல்ல மனிதர்கள்கூட இந்தச் சுழலுக்குள்தான் வாழ்கிறார்கள்.

இந்த ஏற்பாடு ஆணுக்கும் நல்லதல்ல. வேலை போன ஆண், சம்பளத்தோடு சேர்த்துத் தன் மரியாதையையும் இழந்துவிட்டதாக உணர்கிறான். பிள்ளைகளோடு இருக்க ஆசைப்படும் ஆணை அலுவலகம் ஏளனமாகப் பார்க்கிறது.

அரசு என்ன செய்யலாம்?

வீட்டுவேலைக்குச் சம்பளம் என்ற கோரிக்கை 1972-ல் இத்தாலியில் கூடிய பெண்ணியக் குழுவிலிருந்து ஓர் இயக்கமாகவே எழுந்தது. அந்த உழைப்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மாதத்தொகை கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வழங்கப்படுகிறது. பெண்ணின் கையில் அவர் பெயரில் பணம் வருவது நிச்சயம் நல்லது, அதை இலவசம் என்று இழிவாகப் பேசுபவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. ஆனாலும் அந்தத் தொகையால் வேலை ஒரு நிமிடம்கூடக் குறைவதில்லை, ஒரு நிமிடம்கூட ஆணின் பக்கம் போவதில்லை. அரசுப் பள்ளியில் காலை உணவு போட்டால், காலை நேர அவசரத்தில் ஒரு வேலை நிஜமாகவே வீட்டிலிருந்து வெளியேறுகிறது. குழாயில் தண்ணீர் வந்தால் சுமக்கும் நேரம் மிச்சம். அலுவலகத்துக்குப் பக்கத்தில் நல்ல குழந்தைகள் காப்பகம் இருந்தால் ஒரு பெண் வேலையை விடாமல் இருக்கலாம். எந்தத் திட்டத்தையும் நான் இந்த அளவுகோலை வைத்தே பார்க்கிறேன்: எத்தனை மணி நேரத்தைக் குறைக்கிறது, எத்தனை மணி நேரத்தை ஆணின் பக்கம் நகர்த்துகிறது?

நகர்த்த முடியும் என்பதற்கு ஐஸ்லாந்து சான்று. 1975 அக்டோபர் 24 அன்று அந்நாட்டுப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அலுவலக வேலையும் செய்யவில்லை, வீட்டுவேலையும் செய்யவில்லை. மீன் ஆலைகள் மூடப்பட்டன, பள்ளிகள் நடக்கவில்லை, பிள்ளைகளை அப்பாக்கள் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மறு ஆண்டே சமத்துவச் சட்டம் வந்தது. 1980-ல் விக்டிஸ் பின்போகடோட்டிர் என்ற பெண் மக்கள் வாக்கில் அதிபரானார். 2000-ல் வந்த சட்டம் தாய்க்கு மூன்று மாதம், தந்தைக்கு மூன்று மாதம், இருவரும் பகிர்ந்துகொள்ள மூன்று மாதம் என்று பிள்ளை வளர்ப்பு விடுப்பைப் பிரித்தது. தந்தை தன் பங்கை எடுக்காவிட்டால் அது மனைவிக்குப் போகாது, வீணாகும்.

இந்த 'எடுக்காவிட்டால் போச்சு' விதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஸ்வீடன் 1974-லேயே தந்தைக்கும் விடுப்பு உரிமை கொடுத்தது, ஆனால் அதைத் தாய்க்கு மாற்றிக் கொடுக்க முடியும் என்பதால் பெரும்பாலும் தாய்மார்களே எடுத்தார்கள். 1995-ல் ஒரு மாதம் தந்தைக்கென்றே ஒதுக்கப்பட்ட பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. இப்போது மொத்த விடுப்பான 480 நாட்களில் தாய், தந்தை ஒவ்வொருவருக்கும் 90 நாள் ஒதுக்கீடு. ஜப்பானில் சட்டம் தாராளமாகவே இருந்தது, ஆனால் விடுப்பு எடுத்தால் அலுவலகத்தில் ஓரங்கட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் 2019-ல் தந்தையரில் 7.48 சதவீதம் பேரே எடுத்தார்கள். விடுப்பு எடுக்கிறீர்களா என்று நிறுவனங்கள் தாங்களே ஊழியரிடம் கேட்டாக வேண்டும் என்பது போன்ற விதிகள் வந்தபின் 2023-ல் அது 30.1 சதவீதம். இந்தியாவில் பெண்களுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு உண்டு, தனியார் துறைத் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. பிள்ளை வளர்ப்பு பெண்ணின் வேலை என்று சட்டமே எழுதிக்கொடுத்தது போலத்தான் இது.

வசதியுள்ள குடும்பங்கள் இதற்கு ஓர் எளிய வழி கண்டுபிடித்துவிடுகின்றன: வீட்டுவேலைக்கு ஆள். பெரும்பாலும் அதுவும் இன்னொரு ஏழைப் பெண். அவர் இங்கே குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்போது அவர் குழந்தையை அவருடைய மூத்த மகள் பள்ளிக்குப் போகாமல் பார்த்துக்கொள்வாள். வீட்டுப் பணியாளர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களுக்கு உள்ள உரிமைகள் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் 189-வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. தன் வீட்டில் வேலை செய்பவருக்கு வார விடுமுறை கொடுக்காமல் சமத்துவம் பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

வீட்டிலேயே தொடங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்காதீர்கள், ஒரு வேலையை முழுதாகக் கைமாற்றுங்கள். துணி என்றால் சோப்பு தீர்ந்ததைப் பார்ப்பது முதல் மடித்து அலமாரியில் வைப்பது வரை, பிள்ளையின் உடல்நலம் என்றால் ஊசித் தேதி முதல் காய்ச்சல் மருந்து வரை. வாங்கிக்கொண்டவர் முதல் சில வாரம் சொதப்புவார், சீருடை ஈரமாக இருக்கும், ஒரு தேதி தவறும். அப்போது இன்னொருவர் பாய்ந்து வந்து சரிசெய்யாமல் பொறுத்துக்கொள்ள வேண்டும். அது கஷ்டம்தான், ஏனென்றால் வீடு குலைந்தால் ஊர் அவரைத்தான் குறை சொல்லும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் பள்ளியிலிருந்து முதலில் யாருக்குப் போன் வருகிறது என்று பாருங்கள். அம்மாவுக்கு என்றால், நாளைக்கே பள்ளி அலுவலகத்துக்குப் போய் அந்த இடத்தில் அப்பாவின் எண்ணை எழுதிக் கொடுங்கள்.